குழியும் ஏரியும்

ஸ்ரீரங்கம் கோயிலின் வடக்கு வாசலைத் தாண்டி நேரே நடந்தால் கொள்ளிடம் வந்துவிடும். வடதிருக்காவிரி என்று ஊரார் சொல்லும் கரை அது. தெற்கே அம்மா மண்டபத்துப் படித்துறையில் எப்போதும் கூட்டம். வடக்கே பெரும்பாலும் மணலும் நாணலும்தான். மழை இல்லாத மாதங்களில் ஆற்றின் அகலம் முழுக்க வெயில் காய்ந்து கிடக்கும்.

இந்தக் கரையிலிருந்து நெய்வேலி வரை போவதாகத் திட்டம். நிலக்கரி எடுத்து முடித்த நிலத்தைத் திருத்தி மறுபடியும் மக்கள் புழங்கும் இடமாக்க முடியுமா என்ற கேள்வி பல நாளாக மனதில் இருந்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பதில் தேட நெய்வேலியை விட்டால் வேறு ஊர் இல்லை. ஆனால் கிளம்பிய இடத்திலேயே முதல் பாடம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலம் 1928ல் கட்டியது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. பல காலம் மணல் அள்ளியதில் ஆற்றின் அடி இறங்கிப்போனதையும் ஒரு காரணமாகக் கரையோரத்தில் யாரும் சொல்வார்கள். சுரங்கம் என்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எடுத்துக்கொண்டே இருந்து திருப்பி எதுவும் வைக்காத இடமெல்லாம் சுரங்கம்தான்.

திருப்பி வைக்கும் வழக்கமும் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. காவிரி உடைத்து மணல் மூடிய நிலங்களைத் திருத்தி நந்தவனமும் தோப்புமாக்கிய செய்திகள் கோயில் கல்வெட்டுகளில் வருகின்றன. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த ஊர். வெள்ளம் கெடுத்த நிலத்தை என்ன செய்வது, யார் உழைப்பது, விளைவதை யாருக்குக் கொடுப்பது என்று மூன்றையும் சேர்த்தே கல்லில் வெட்டி வைத்தார்கள். மேலூரில் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே 2015ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் ஒரு காலை நேரம் நடந்தேன். எருக்கும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் புழுக்களுக்கென்றே வைத்த செடிகள். ஒரு கறிவேப்பிலைக் கொத்தில் இலைகளை விளிம்போடு கடித்து வைத்திருந்தது ஒரு பச்சைப் புழு. தின்னக் கொடுத்தால் பூச்சி தானாக வரும் என்றார் அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். நிலத்தைத் திருத்துவதன் அடிப்படையே அந்தப் பேச்சில் இருந்தது.

மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் சன்னதிக்கு வெளியே நின்று கிழக்கே பார்த்தால் அரியமங்கலம் பக்கம் தெரியும். திருச்சியின் குப்பையெல்லாம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கேதான் போனது. ஏறக்குறைய 47 ஏக்கர். கோடையில் தீப்பிடித்தால் சுற்றுவட்டாரத் தெருக்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. கடந்த சில ஆண்டுகளாக அந்தக் குப்பை மலையைக் கரைக்கும் வேலை நடக்கிறது. பழைய குப்பையைக் கிளறிக் காற்றுப்பட வைக்கிறார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து ஈரம் வற்றவிடுகிறார்கள். பிறகு உருளும் பெரிய சல்லடையில் கொட்டிச் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல்லும் கட்டடக் கழிவும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். சலித்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுத்து, பொலபொலவென்று இருந்தது. நடுநடுவே ஷாம்பு பாக்கெட்டின் வெள்ளி நிறத் துணுக்குகள். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ கிழித்துப் போட்டவை இன்னும் மக்கவில்லை.

பிரித்தெடுத்த பிளாஸ்டிக் இங்கிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே சூளையில் நிலக்கரியோடு சேர்ந்து எரிகிறது. அந்தக் கழிவு போகும் வழியேதான் நானும் போனேன்.

லால்குடி வரை வாழையும் நெல்லும். புள்ளம்பாடி தாண்டியதும் மண் நிறம் மாறுகிறது. கரிசலும் வெளிறிய சுண்ணாம்பு மண்ணும் மாறி மாறி வருகின்றன, பருத்தியும் மக்காச்சோளமும் தொடங்குகின்றன. கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை 1939 முதல் இருக்கிறது. ஊர்ப்பெயருக்காக 1953 ஜூலையில் மு. கருணாநிதியும் தோழர்களும் இங்கே தண்டவாளத்தில் படுத்தது தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பெயரை மீட்ட அந்தப் போராட்டத்துக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. ஊரின் நிலத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களில் மழைநீர் நின்று, வெயிலில் பச்சையும் நீலமுமாக மின்னுகிறது. பார்க்க அழகுதான். விளிம்பில் நின்று கீழே பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. செங்குத்தாக வெட்டிய சுவர், இறங்கப் படி இல்லை, ஏறவும் வழி இல்லை. தமிழ்நாட்டில் கைவிட்ட குவாரிக் குட்டைகளில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத கோடை விடுமுறை இல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், விக்டோரியா நகரத்துக்கு அருகே, இதே போன்ற ஒரு பள்ளம் இருந்தது. சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டித் தீர்ந்த குழி. ஆலை உரிமையாளரின் மனைவி ஜென்னி புச்சார்ட் குதிரை வண்டிகளில் மண் கொண்டுவந்து நிரப்பி அதைத் தோட்டமாக்கினார். இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் களிமண் தோண்டிய குழிக்குள் பெரிய கண்ணாடிக் குமிழ்கள் போன்ற கூரைகளின்கீழ் காடு வளர்த்து 2001ல் திறந்தார்கள். நம் ஊரிலும் செய்யலாம் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தோட்டம் ஒன்று, ஊர் மாடு தண்ணீர் குடிக்கும் குளம் வேறு. நமக்கு முதலில் வேண்டியது இரண்டாவது.

அரியலூர் போகும் பாதையில் மருதையாறு குறுக்கே வருகிறது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் இதன் பாலத்தை வெள்ளம் அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே நவம்பரில், 14ஆம் தேதிதான், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. ஒரு விபத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இருந்த காலம் அது. ஒரு பள்ளத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் இன்றும் பல இடங்களில் பதில் வராது. குத்தகை முடிந்தால் நிறுவனம் நகர்ந்துவிடும், பஞ்சாயத்து தன் கணக்கில் இல்லை என்னும், வருவாய்த் துறை கோப்பைத் தேடும்.

அரியலூர் பூமி ஒரு காலத்தில் கடல். 1860களில் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை அடுக்கடுக்காக வகைப்படுத்தினார். புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா இங்கிருந்து போன புதைபடிவங்களை விரிவாக எழுதிவைத்தார். உலகப் புவியியல் புத்தகங்களில் திருச்சிராப்பள்ளி, அரியலூர், ஊட்டத்தூர் ஆகிய பெயர்கள் அப்படித்தான் ஏறின. கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கச் சுவரில் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், கனத்த ஓடு, மேலே அடுக்கடுக்காக வளர்ச்சி வரிகள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுக்கு முன்னால் ஆழமில்லாத கடலின் அடியில் வாழ்ந்த உயிர். சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு என்பது இவற்றின் உடல்தான். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதைவிட, சுவரிலேயே பார்ப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவோ மேல். கைவிட்ட சுரங்கங்களில் ஒரு சுவரை மட்டும் இடிக்காமல், படி கட்டி, கம்பி போட்டு, பள்ளிகளுக்குத் திறந்துவிட்டால் போதும். பெரிய செலவில்லாமல் ஒரு குழி பாடசாலையாகிவிடும்.

அதே கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். கருவறையில் சிலை இல்லை, கம்பம்தான் சாமி. சுற்றுவட்டார விவசாயிகள் அறுவடையில் முதல் தானியத்தைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறார்கள். கம்பும் சோளமும் கேழ்வரகும் மூட்டைகளில் வருகின்றன. மண்டபத்தில் சிந்தியிருந்த கம்பு மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், எந்த ஊர் என்று கேட்டேன்.

“பக்கம்தான் தம்பி. அப்பா காலத்துல நாலு மூட்டை அளப்போம். இப்ப ஒரு மரக்கா.”

“மழை இல்லையாங்க ஐயா?”

“மழை பெய்யுது. நெலந்தான் இல்ல. சொரங்கத்துக்குக் குடுத்தாச்சு. அங்க கல்லு தீந்து பல வருஷம் ஆச்சு. தண்ணி நிக்குது. யாரும் எறங்க முடியாது.”

விலை கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, வீடு கட்டினோம் என்றார். அவருடைய வருத்தம் விலையைப் பற்றியதல்ல. கல் தீர்ந்த பிறகும் நிலம் யாருக்கும் உதவாமல் கிடக்கிறதே என்பதுதான்.

ஜெயங்கொண்டம் பக்கம் போனபோது இந்தப் பேச்சு வேறு வடிவில் வந்தது. இங்கே பழுப்பு நிலக்கரி எடுத்து மின்நிலையம் கட்டப்போவதாக 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தினார்கள். ஒரு கூடை கரிகூட எடுக்கவில்லை. கால் நூற்றாண்டு வழக்கும் அலைச்சலுமாகப் போனது. விற்க முடியாது, கடன் வாங்க முடியாது, கிணறு வெட்ட மனம் வராது. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களிடமே ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. 2023ல் மைக்கேல்பட்டி, வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்ற மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் வந்தபோது டெல்டா முழுக்க எதிர்ப்பு எழுந்து, அவையும் பட்டியலிலிருந்து நீங்கின. கெடாமல் காப்பாற்றிய நிலத்துக்குச் சமமாக எந்தத் திருத்தமும் ஆகாது. மருத்துவத்தைவிட நோய் வராமல் காப்பது மேல் என்பது மண்ணுக்கும் பொருந்தும்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைப் பார்த்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகிறார்கள். நான் சோழகங்கத்தின் கரைக்குப் போனேன். இன்றைக்குப் பொன்னேரி என்கிறார்கள். ராஜேந்திர சோழன் கங்கை வரை போய் வென்ற அடையாளமாக, நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் ஏரி. கரையில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது, ஆனாலும் கரையின் நீளம் இன்னும் மலைக்க வைக்கிறது. கொள்ளிடத்திலிருந்து கால்வாய் வெட்டி இதற்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இங்கே நின்றபோதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது பிடிபட்டது. சோழனும் மண்ணைத் தோண்டினான். சுரங்கக்காரரும் தோண்டுகிறார். ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, கலிங்கு உண்டு, வரத்துக் கால் உண்டு. எந்த ஊருக்கு எந்த முறை என்ற பங்கு உண்டு. வண்டல் எடுக்க, கரை பூச, மடை திறக்க ஆள் உண்டு. குழிக்கு இவற்றில் எதுவுமே இல்லை. கைவிட்ட சுரங்கத்தை மீட்பது என்றால் இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான். சுவரைச் சாய்த்துப் படி அமைக்க வேண்டும். ஓடையை உள்ளே திருப்பிவிட வேண்டும். நிரம்பினால் வழிய இடம் வேண்டும். தண்ணீரைச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது யாருடையது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அவர் தன் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை நிலக்கரி ஆய்வுக்காக எழுதிக் கொடுத்தார். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961ல் கரி முகம் தெரிந்தது, 1962ல் சோவியத் உதவியோடு அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. இங்கே கரியைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும். அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும். இறைத்த நீர் பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிப் பக்கம் போய் வயலுக்கும் பாய்கிறது. சுற்று ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிட்டன என்ற குறையும் இதே தண்ணீரைப் பற்றியதுதான்.

சுரங்கத்தின் வேலையைப் பார்வையிடும் மேட்டிலிருந்து பார்த்தேன். சக்கரத்தில் வாளிகள் பூட்டிய பிரம்மாண்டமான ஜெர்மன் எந்திரம் கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சுரண்டுகிறது. அந்த மண் கன்வேயரில் ஓடி, கரி எடுத்து முடித்த மறுபக்கக் குழியில் விழுகிறது. அதாவது குழி நகர்ந்துகொண்டே இருக்கிறது, பின்னால் நிரம்பிக்கொண்டே வருகிறது. முதலில் தோண்டிய மண் மட்டும் வெளியே மலையாகக் குவிந்துவிடும். கடைசியில் தோண்டிய இடம் நிரப்ப மண் இல்லாமல் பள்ளமாகவே நிற்கும். மீட்க வேண்டியவை மூன்று: வெளியே உள்ள மலை, நடுவே நிரப்பிய சமவெளி, கடைசிப் பள்ளம்.

நிரப்பிய இடத்தில் நடந்தேன். சவுக்கும் முந்திரியும் வேம்பும் நிழல் தருகின்றன. முந்திரிச் சருகை விலக்கிக் கையால் தோண்டிப் பார்த்தேன். மூன்று விரல் ஆழத்துக்குக் கறுப்பான மக்கு. அதற்குக் கீழே மஞ்சளும் சாம்பலுமான களி, நகத்தில் ஒட்டி இறுகியது. நடுவே ஒரு பழுப்புத் துண்டு, தேய்த்தால் மர ரேகை தெரிகிறது. நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்த மண்ணில் உயிர் இல்லை, மக்கு இல்லை, மழை பெய்தால் மேலே ஓடு கட்டிவிடும், வேர் பக்கவாட்டில் திரும்பிவிடும். தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுது, தொழுவுரம் போட்டு, பழுப்பு நிலக்கரியிலிருந்தே எடுக்கும் ஹியூமிக் அமிலத்தைக் கலந்து, வேளாண் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து இங்கே பல பயிர்களைச் சோதித்திருக்கிறார்கள். நெல்லும் விளைந்தது. அந்த மூன்று விரல் மக்கு பல வருஷ உழைப்பின் பலன். தோண்டும் முதல் நாளே மேல்மண்ணைத் தனியே சுரண்டிக் காப்பாற்றி, கடைசியில் மேலேயே போட்டிருந்தால் இந்தக் காத்திருப்பு எவ்வளவோ குறையும். மேல்மண்ணைக் குப்பையோடு கொட்டுவது நெல்லைக் கொட்டிவிட்டு உமியை மூட்டை கட்டுவதற்குச் சமம்.

இது உலகம் அறிந்த வேலை. கிழக்கு ஜெர்மனியின் லுசாட்டியாவில் இதே பழுப்பு நிலக்கரிக் குழிகளில் நீர் நிரப்பி ஏரிகளாக்கினார்கள். சென்ஃப்டன்பர்க் ஏரி 1970களிலேயே குளிக்கும் கரையானது. சத்தீஸ்கரில் சூரஜ்பூர் மாவட்டத்துக் கேனாபாராவில் கைவிட்ட நிலக்கரிக் குழியில் உள்ளூர் மக்கள் கூண்டு அமைத்து மீன் வளர்க்கிறார்கள், படகு விடுகிறார்கள். மறுபக்கம் ஜரியா. 1916ல் நிலத்தடியில் பற்றிய தீ இன்னும் அணையவில்லை. கவனிக்காத சுரங்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. மூடும் செலவுக்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டு வைக்கவேண்டும் என்று 2009ல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. தோண்டிய இடத்தில் மறுபடியும் புல் வளர்த்துக் கால்நடைக்கு உதவும்படி செய்யவேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொல்லி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

விதி இருக்கிறது, நுட்பம் இருக்கிறது. முந்திரித் தோப்பின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் பேசியபோது மூன்றாவது தேவை தெரிந்தது. சுரங்கத்துக்கு இடம் கொடுத்து வேறு ஊருக்குப் போனவர்.

“மூடுனாங்க, மரம் வச்சாங்க, நல்லாத்தான் இருக்கு. ஆடு வந்தா வெரட்டுறாங்க.”

“யார் பேர்ல இருக்குங்க ஆயா இந்த நெலம்?”

“எம் பேர்ல இல்லப்பா. ஊர் பேர்லயும் இல்ல.”

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, எடுத்த நிலத்தை ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்பித் தரவேண்டும் என்கிறது. பயன்படுத்தி முடித்த நிலத்தைப் பற்றி அது பேசவில்லை. ஜெயங்கொண்டத்தில் தோண்டாத நிலம் திரும்புகிறது. நெய்வேலியில் தோண்டி, மூடி, மரம் வைத்த நிலம் திரும்புவதற்கு வழி இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் கால்வாய்க்காக நெற்பயிரின் மேல் பொக்லைன் இறங்கியபோது உயர் நீதிமன்றமும் வேதனைப்பட்டது. அந்த விவசாயிகளின் கோபத்துக்கு அடியில் இருந்ததும் இந்தத் திரும்பாமைதான். போனால் போனதுதான் என்று தெரிந்தால் யார்தான் நிலத்தைக் கொடுக்க மனம் ஒப்புவார்கள்?

ஆகவே, மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு சுரங்கம் மீண்டுவிட்டது என்று சொல்ல என்னால் முடியவில்லை. கிராம சபையில் மூடும் திட்டத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், அதுவும் தோண்டத் தொடங்கும் முன்பே. மேல்மண் எங்கே குவிகிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். கடைசிப் பள்ளம் ஏரியானால் அதன் மீன்பாசியும் தண்ணீரும் பஞ்சாயத்துக்கு வரவேண்டும். நிரப்பிய சமவெளியில் முதல் உரிமை நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு. மேய்ச்சலுக்கு ஒரு பங்கு எழுதி வைக்க வேண்டும். கல்லங்குறிச்சிப் பெரியவரும் நெய்வேலி ஆயாவும் கேட்பது இவ்வளவுதான். பட்டாவில் ஊரின் பெயர் ஏறும் நாளில்தான் அந்தக் குழி மூடியதாகக் கணக்கு.